அளவுக்கு நின்றவள்

"டபுள், பெட்டி மேல ஏறு."

கட்டிங் மாஸ்டர் இதைச் சொல்லும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, மேசையில் துணியை விரித்தபடியே சொல்வார். காஜா அக்கா கையிலிருந்த ஊசியை நூலோடு தன் காலரில் குத்திவிட்டு எழுந்து போவாள். பட்டன் துளைகளுக்கு ஓரம் கட்டுவதும் பட்டன் வைப்பதும்தான் அவள் வேலை. ஆனால் கட்டிங் அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. கூப்பிட்டபோதெல்லாம் அவள் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். மாஸ்டர் காடாத் துணியை அவள் உடம்போடு சுற்றி, இழுத்து, மடித்து, குண்டூசி குத்துவார். அப்படியே கழற்றி, அட்டையில் வைத்து வரைந்து வெட்டினால், அதுதான் அந்தப் பட்டறையின் டபுள் எக்ஸெல்.

யூனிஃபார்ம் தைக்கிற பட்டறை அது. கடைகளுக்கு, பள்ளிக்கூடங்களுக்கு, ஓட்டல்களுக்கு. நடுத்தர சைஸுக்கு ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். தலை கிடையாது, கை கிடையாது, இரும்புக் கால். மாலையில் அதன்மேல் தூசி படாமல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத்தான் மாஸ்டர் வீட்டுக்குப் போவார். பெரிய சைஸுக்குப் பொம்மை வாங்கவே இல்லை. காஜா அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதலாளி, கேட்டுக்கிட்டே இருந்தேனே, பொம்மை தானா நடந்து வந்துருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். புதிதாகச் சேர்ந்தவள் வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்து கட்டிங் அறையில் அவள் பெயர் டபுள். குண்டூசி சில சமயம் துணியைத் தாண்டி இடுப்பில் ஏறிவிடும். அவள் 'ஸ்' என்றால், "உனக்கெல்லாம் வலிக்குமா? உள்ள போய்ச் சேரவே ஒரு நாள் ஆகுமே" என்பார் மாஸ்டர். கையைத் தூக்கச் சொல்லி அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவள் கையைத் தூக்கியபடி நிற்பாள். துணிக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிறாள் என்பது யாருக்கும் நினைவு இருக்காது.

பட்டறை மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அது துணி உருளைகளுக்கு. "ஆளுங்களுக்குத்தான் கால் இருக்கே" என்பார் முதலாளி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் காஜா அக்காவுக்கு மூச்சு முட்டும். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாராவது மேலே வந்தால் சட்டென்று கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வாள். தினமும் அதே இடத்தில் அப்படி எதைத் தேடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

முட்டி வீங்கிப்போய் ஒரு நாள் படியே ஏற முடியாமல் போனபோதுதான் கிளினிக்குக்குப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, முட்டி இந்தப் பாரத்தை ரொம்ப நாள் தாங்காது என்றாள். காஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். வாயைக் கட்டணும், நடக்கணும், மனசு வைக்கணும். முன்பு பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அவள் வாயைக் கட்டியிருக்கிறாள். பட்டினி கிடந்திருக்கிறாள். கசப்பானதையெல்லாம் அரைத்துக் குடித்திருக்கிறாள். குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

இந்த டாக்டர் அதைச் சொல்லவில்லை. "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. உங்க உடம்பு பசி பசின்னு கத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கிற மருந்து இருக்கு. வாரம் ஒரு ஊசி. எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன். பார்க்கலாமா?"

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் எத்தனை பேர் அவளைத் தீனிப்பண்டாரம் என்றார்கள்! பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி உச்சுக் கொட்டிக்கொண்டு எழுந்து போனது, சொந்தக்காரர்கள் வீட்டில் அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து மர நாற்காலியை இழுத்துப் போட்டது, அதை எல்லாரும் கேட்கும்படி சொன்னது. அத்தனையும் அவள் தன் தப்பு என்று நம்பி, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாளே!

கிளினிக் நர்ஸ் வெடுக்கென்று பேசுகிறவள். மருந்துப் பேனாவை மேசையில் வைத்து, எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டினாள். வயிறு, தொடை, ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது.

"முதல் மாசம் சின்ன அளவு. அது உடம்பு பழகறதுக்கு, இளைக்கறதுக்கு இல்ல. தராசு அசையலன்னு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

"இல்லீங்க" என்றாள் காஜா அக்கா.

"குமட்டும். மலச்சிக்கல் வரும். ஏப்பம் வரும், அசதியா இருக்கும். பாதிப் பேருக்குக் கொஞ்ச வாரத்துல அடங்கிரும். ஒவ்வொரு தடவை அளவைக் கூட்டும்போதும் மறுபடி தலைகாட்டும். கொஞ்சமா, மெதுவா சாப்பிடுங்க. எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதீங்க. முட்டை, பருப்பு, மீன்னு சத்தானதை முதல்ல சாப்பிடுங்க. தண்ணி குடிங்க. வயித்து வலி தாங்க முடியாம முதுகு வரைக்கும் போச்சுன்னா, வாந்தி நிக்கவே இல்லன்னா, உடனே வரணும். பொறுத்துக்கிட்டு உக்காரக் கூடாது. உங்களைப் பார்த்தா பொறுத்துக்கிற ஆளு மாதிரி தெரியுது, அதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஊசி. அவள் வீட்டுக்காரர் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். இருட்டானாலும் மழையானாலும் வண்டியை எடுத்துவிடுவார், ஊசி என்றால் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "முடிஞ்சுதா?" என்று சுவரிடம் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயிர் போல ஒரு ஊசி. குத்தியதே தெரியவில்லை. மாஸ்டரின் குண்டூசியைத் தாங்கிய உடம்புக்கு இது எந்த மூலைக்கு? அவளைக் கேட்டு, அவள் சம்மதித்து, அவள் கையாலேயே உடம்பில் இறங்கிய முதல் ஊசி அது என்று தோன்றியது. அதைச் சொன்னால் வீட்டுக்காரருக்குப் புரியாது.

குமட்டல் இரண்டாம் நாள் வந்தது. பட்டறையில் அயர்ன் பெட்டியிலிருந்து எழும் ஆவி, கஞ்சிப் பசையின் வாடை, மெஷின் எண்ணெய், இத்தனை நாள் மூக்கிலேயே ஏறாததெல்லாம் இப்போது தொண்டை வரை வந்து நின்றது. ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். பக்கத்து மெஷினில் ஓரம் அடிக்கிறவளை எல்லாரும் ஓவர்லாக் என்று கூப்பிடுவார்கள். அவள் ஓட்டும் மெஷின் பெயர் அது. அவள் வாயும் அதே மாதிரி நிற்காமல் ஓடும்.

"அக்கா, என்ன, மூஞ்சி வெளிறிப்போய் இருக்கு? இந்த வயசுல விசேஷமா?"

"வாய மூடு டி." வேறு வழியில்லாமல் காதோடு விஷயத்தைச் சொன்னாள் காஜா அக்கா. "யார்கிட்டயும் சொல்லாத."

"நானா? என் வாயில இருந்து வருமா?"

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கீழே வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

அப்புறம் தொடங்கியது பஞ்சாயத்து. முன்பு அவள் டப்பாவைத் திறந்தால், "இவ்வளவும் உனக்கா?" என்று எட்டிப் பார்த்தவர்கள், இப்போது, "இவ்வளவுதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று எட்டிப் பார்த்தார்கள். அதே மூக்கு, அதே டப்பா. குண்டாக இருந்தபோது "மனசு வச்சா குறைக்கலாம்" என்றவர்கள், குறைக்க மருந்து எடுத்ததும் "குறுக்கு வழி" என்றார்கள். செக்கிங் பார்க்கிறவள் ஒருத்தி, தினமும் பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள், "மருந்துல குறைச்சா அது ஒரு குறைச்சலா? நானெல்லாம் நடந்தே குறைச்சேன்" என்றாள். அவள் குறைந்ததாக யாரும் பார்த்ததில்லை. மாஸ்டர் காஜா அக்காவுக்குக் 'குண்டு ஊசி' என்று இன்னொரு பெயர் வைத்தார். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று முழுக்கத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது பெட்டிமேல் ஏற வேண்டியிருந்தது. "எங்கே, ஒரு நூல்கூடக் குறையலையே! ஊசிக்காரன் உன் தலையில நல்லா மிளகா அரைச்சுட்டான்" என்பார் மாஸ்டர். அவளுக்கும் அந்த பயம் இருந்தது. முதல் மாதம் கிளினிக் தராசு அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் மனசு கேட்கவில்லை. குமட்டலும் வேண்டும், கேலியும் வேண்டும், உடம்பு மட்டும் அப்படியே இருக்குமாம்!

வீட்டிலும் ஒரு சங்கடம். அவள் வீட்டுக்காரருக்கு அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேனில் நாளெல்லாம் தனியாக இருந்துவிட்டு வருகிறவர். இப்போது அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினால், அவர் முகம் சுருங்கியது.

"நான் மட்டும் மாடு மாதிரி மேயணுமா?" என்றார் ஒரு நாள்.

"பேசிக்கிட்டு இருக்கேன்ல, நீங்க சாப்பிடுங்க."

"பேச்சு சோறு போடுமா?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பட்டினி கிடந்து மயங்கிய காலத்தில் இதே மனிதர்தான் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனாலும் மறு வாரம், மீன் பொரிக்க வேண்டுமென்றால் அவள் வருவதற்கு முன்பே பொரித்து, ஜன்னல்களைத் திறந்து விட்டு, துண்டை வீசி வாடையை விரட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்து மன்னிப்பு கேட்கத் தெரியாதவர்கள் இப்படித்தான் துண்டை வீசுவார்கள் போல.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஊரூராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கடை ஒன்றின் எல்லாக் கிளைகளுக்கும், பில் போடும் பெண்கள் போட்டுக்கொள்ளும் மேற்கோட்டு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். நெய்யும் எண்ணெயும் மிதந்தன. காஜா அக்கா ஓரமாகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். முதலாளி கரண்டியோடு வந்துவிட்டார்.

"என்னம்மா இது, கோழி கொத்தற மாதிரி? நான் போடறேன், வேணாம்னு சொல்லுவியா?"

"போதும் சார், வயிறு..."

"என் சந்தோஷத்துக்காக!"

எல்லாரும் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் அவளால் மறுக்க முடியாது, பிறவிக் குணம். சாப்பிட்டாள். மாலையில் படி இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், தினமும் மூச்சு வாங்கி நிற்கும் அதே இடத்தில், எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு வாளி தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்து அவளே கழுவினாள். மேலேயிருந்து இறங்கியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஓவர்லாக் மட்டும் முந்தானையைச் செருகிக்கொண்டு துடைப்பத்தை வாங்கினாள்.

அதைக் கேட்டு நர்ஸ் கொதித்துப்போனாள். "மரியாதைக்காகச் சாப்பிட்டீங்களா? இந்த மருந்துல வயிறு மெதுவாத்தான் காலியாகும். உங்க முதலாளியோட சந்தோஷத்தை வைக்க அங்க இடம் இல்ல. போதும்னு தோணினா வாயை மூடிக்குங்க. யாரு கரண்டியோட வந்தாலும் சரி."

அளவைக் கூட்டினார்கள். மறுபடி குமட்டல், மறுபடி ஜன்னலோர நாற்காலி. பிறகு அதுவும் அடங்கியது. எப்போது என்று சொல்ல முடியாதபடி சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. மத்தியானச் சாப்பாட்டை முடித்ததும் அடுத்து என்ன சாப்பிடலாம் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ அணைத்த பிறகுதான், இத்தனை நேரம் அது பாடிக்கொண்டிருந்ததே தெரியும் அல்லவா, அது மாதிரி. பாவாடைக் கொக்கியை உள்ளே தள்ளித் தைத்துக்கொண்டாள். தராசும் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது.

மேற்கோட்டின் பெரிய சைஸுக்குப் பெட்டிமேல் ஏறிய அன்று, காஜா அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாஸ்டர், நான் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. டேப்பு வச்சுப் பார்த்துடுங்களேன்."

மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசிகள் விழுந்துவிடும்போலச் சிரித்தார். "உன் அளவுக்கு டேப்பா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே. நீ குறையறதாவது! பேசாம நில்லு."

டேப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. துணியை வழக்கம்போல அவள் உடம்போடு ஒட்டி இழுத்துக் குத்தினார். வழக்கம்போல அதை அட்டையில் வைத்து வரைந்தார். கட்டுக்கட்டாகத் துணியை அடுக்கி மெஷினால் வெட்டினார்கள். தைத்தார்கள். காஜா அக்கா ஒவ்வொரு கோட்டுக்கும் பட்டன் வைத்தாள். போய்ச் சேர்ந்தது.

சில நாட்களில் ஒரு மூட்டை திரும்பி வந்தது. பெரிய சைஸ் கோட்டுகளில் பட்டன் தெறிக்கிறதாம். பில் போடுகிற பெண்கள் உட்கார்ந்தால் போதுமாம், பட்டன் பறக்கிறதாம்.

முதலாளி ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் காஜா அக்காவிடம் வந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"பட்டன் வைக்கிற லட்சணமா இது? ஊசி போட்டுக்கிட்டுத் தூங்கி விழுந்துகிட்டே தைச்சியா? மானம் போச்சு!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் கை வைத்த பட்டன் இதுவரை ஒன்றுகூட அறுந்து வந்ததில்லை. கோட்டை வாங்கிப் பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. பட்டன் அதன் நூலோடு, பிய்ந்த துணியையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள். ஓவர்லாக் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"கண்ணு தெரியுதா சார்? நூல் நிக்குது, துணி கிழிஞ்சிருக்கு. கோட்டு இறுக்கமா இருந்தா பட்டன் என்ன செய்யும், ஓடிப்போய் போலீஸ்ல சொல்லுமா?"

மாஸ்டர் போன வருஷத்து அட்டையை எடுத்துவந்து புது அட்டையின்மேல் வைத்தார். இடுப்பில், வயிற்றில், மார்பில், பழைய அட்டை சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காஜா அக்கா அதையே பார்த்தாள். தராசு சொன்னபோதுகூட அவள் முழுசாக நம்பவில்லை. இப்போது அட்டையில், பென்சில் கோட்டில், குறைந்தது அத்தனையும் ஓரமாகக் கிடந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஒன்று துள்ளியது. அதைக் காட்டிக்கொள்ளக்கூட அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

"பார்த்தீங்களா முதலாளி!" என்று கத்தினார் மாஸ்டர். "இவ இளைச்சுட்டா! என் மேல தப்பே இல்ல!"

"ஏம்மா சொல்லல?" என்றார் முதலாளி.

"சொன்னேன்."

"என்ன?"

"சொன்னேன் சார். டேப்பு வைக்கச் சொன்னேன்."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். முதலாளி கோட்டை மேசையில் எறிந்தார். "சரி, போனது போகட்டும். எல்லாம் மறுபடி வெட்டணும். இன்னும் ரெண்டு ஆர்டர் பாக்கி இருக்கு. நீ ஒண்ணு செய். இந்த சீசன் முடியற வரைக்கும் அந்த ஊசிய நிறுத்து. நல்லா சாப்பிடு. அப்புறம் வேணும்னா போட்டுக்க, யாரு வேணாங்கறா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்வது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"பட்டன் வைக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்கம்மா. உன்னை நான் வச்சிருக்கறது பெட்டி மேல நிக்கற அந்த டபுள் அளவுக்குத்தான். யோசிச்சு திங்கட்கிழமை வந்து சொல்லு."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேலை முக்கியம்தானே. கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன ஆயிடும்?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். கிளினிக்குக்குப் போன் போட்டாள். நர்ஸ், "உங்க முதலாளி எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சார்?" என்றாள். "நிறுத்தினா பசி திரும்ப வரும். எடையும் வரும். அப்புறம் மறுபடி சின்ன அளவுல, குமட்டல்ல இருந்து ஆரம்பிக்கணும். யாரோ தைக்கிற கோட்டுக்காகவா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. யாரோ தைக்கிற கோட்டுக்காகவா? அவள் முட்டி, அவள் கல்லீரல், அவள் மூச்சு. எல்லாவற்றையும் மரப்பெட்டிமேல் ஏற்றி வைத்து, அப்படியே அசையாமல் நில் என்கிறார்கள். குண்டாக இருந்தால் சிரிப்பார்கள். குறைந்தால் திட்டுவார்கள். எப்படி இருந்தால்தான் இவர்களுக்குச் சம்மதம்? அவர்களுக்குத் தேவைப்படுகிற மாதிரி இருந்தால்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து தன் பழைய சட்டையையும் பாவாடையையும் எடுத்தாள். போன வருஷம் உடம்பைப் பிடித்தவை, இப்போது தொளதொளத்துக் கிடப்பவை. இரண்டையும் இடுப்பில் சேர்த்துத் தைத்தாள். கழுத்தையும் கைகளையும் மூடித் தைத்தாள். மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருந்த வெட்டுத்துணியை உள்ளே திணிக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் வந்து தரையில் உட்கார்ந்து அவரும் திணித்தார். வயிறு எழும்பியது, மார்பு எழும்பியது. முடிந்ததும் அவர் அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இதை வீட்டுலயே வச்சுக்கலாமே. இதாவது என்கூட உக்காந்து சாப்பிடும்."

"உங்களை!" என்று அவள் கையிலிருந்த துணியை எறிந்தாள். ஆனாலும் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "நிறுத்தாத" என்றார், பொம்மையைப் பார்த்துக்கொண்டே. "நான் சொன்னது தப்பு. வேலை போனா போகட்டும்."

திங்கட்கிழமை அவர் அதை வேனில் கொண்டுவந்து இறக்கினார். காவலாளி, "சாமான்னா லிஃப்ட்ல போகலாம்" என்று கதவைத் திறந்துவிட்டார். பொம்மை லிஃப்டில் போனது. காஜா அக்கா படியில் ஏறினாள். முதலாளியிடம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே, கோபம் கோபமாக ஏறினாள். பட்டறைக் கதவைத் தொட்டபோதுதான், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை என்பது உறைத்தது. கைப்பையைத் திறக்கவே இல்லை.

முதலாளி மாஸ்டரோடு கட்டிங் மேசையருகே நின்றார். அவள் பொம்மையை இழுத்துக்கொண்டுபோய் மரப்பெட்டிமேல் நிறுத்தினாள்.

"நான் ஊசிய நிறுத்த மாட்டேன் சார்." குரல் எல்லாருக்கும் கேட்டது. "உங்களுக்கு வேணுங்கற அளவு இது. பழைய அட்டையை வச்சுப் பாருங்க. எனக்கு பட்டன் வேலை இருந்தா செய்றேன். பெட்டி மேல இனிமே ஏற மாட்டேன்."

"என்னம்மா, எதிர்த்துப் பேசறியா?"

"ஆமா சார்."

ஓவர்லாக் மெஷினிலிருந்து ஒரு விசில் வந்தது. முதலாளி திரும்பிப் பார்ப்பதற்குள் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். பொம்மையின் இடுப்பைச் சுற்றி வைத்தார், மார்பைச் சுற்றி வைத்தார். அட்டையைப் பார்த்தார். "சரியாத்தான் முதலாளி இருக்கு" என்றார் அடங்கின குரலில். திரும்பி வந்த கோட்டுகள் மூட்டையாகக் காத்திருந்தன. மறுபடி வெட்டி, மறுபடி பட்டன் வைக்க வேண்டும். முதலாளி அந்த மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போ, போய் வேலையைப் பாரு" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. அவள் சொன்னதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் கட்டிங் அறையிலிருந்து குரல் வந்தது. "டபுளைக் கொண்டு வாங்கப்பா இங்க!"

பழக்க தோஷம். ஊசியைக் காலரில் குத்திவிட்டுப் பாதி எழுந்துவிட்டாள். அப்போது இரண்டு பேர் பொம்மையைத் தலைமாடும் கால்மாடும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் போனார்கள். மாஸ்டர் பதறிக்கொண்டு கூடவே நடந்தார்.

"மெதுவா, மெதுவா! இடிச்சுடாதீங்க! ஏய், வயித்துல அழுத்திப் பிடிக்காத, அமுங்கிடும். பார்த்துப்பா, பார்த்து!"

காஜா அக்கா அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, பார்த்து என்று.

"பார்த்தியா டி அந்த ஆளை?" என்றாள் ஓவர்லாக்கிடம். காது மடல் சூடாகியிருந்தது. "கந்தல் துணிக்கு வலிக்குமாம்!"

"கத்து அக்கா, இன்னும் சத்தமா கத்து" என்றாள் ஓவர்லாக். "இப்பத்தான் உனக்கு மூச்சு வருதே."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காலரிலிருந்த ஊசியைப் பிடுங்கி அடுத்த பட்டனைக் கோட்டில் வைத்தாள். நூலை இழுத்த வேகத்தில் அது பட்டென்று அறுந்தது.